முந்தைய இரண்டு நாட்கள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 2022 தை மாதம், கோவிடின் ஒமிக்ரான் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், எட்டாம் வகுப்புப் பையன், முன்னறையில் 78 வயதுப் பாட்டி. பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. வியாழக்கிழமை உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்கு அப்பாவும் மகளும் போனார்கள். திரும்பி வந்தது ஏசி வேனில். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு இரண்டரை மணி நேரப் பயணம், பேச்சும் சிரிப்புமாக. சனிக்கிழமை காலை போன் வந்தது. வேனில் பக்கத்து இருக்கையில் வந்த சித்தப்பாவுக்கு பாசிட்டிவ்.

பதறிப்போய் இருவரும் அன்றே மாதிரி கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு வரும்வரை மாடி அறையில் தனியாகப் படுத்தார்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு மாலை செல்போனுக்கு முடிவு வந்தது: நெகட்டிவ். அப்பா மாடியிலிருந்து இறங்கி நேராகப் பாட்டியின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "நெகட்டிவ்தாம்மா, பயப்படாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திங்கள் விடிகாலை அப்பாவுக்குத் தொண்டை கரகரத்தது.

இந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இல்லை. தனியாகப் படுத்தார்கள், காசு செலவழித்துச் சோதனை செய்தார்கள், முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஆனாலும் பாட்டியிடம் நோய் போய்ச் சேரக்கூடிய மிக மோசமான மாலையைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பிழை செய்த இடம் ஒன்றுதான். "எனக்குத் தொற்று வந்திருக்கிறதா?" என்று கேட்டதாக நினைத்தார்கள். சோதனையோ வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது: "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இந்த மூக்கில், கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸ் இருந்ததா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள இடைவெளியில்தான் கோவிட் பரவியது.

வைரஸ் மூக்குக்குள் நுழைந்த உடனே அங்கே நடப்பது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. சில துகள்கள் சில செல்களுக்குள் புகுகின்றன. ஒவ்வொரு செல்லும் புதிய துகள்களைச் செய்து வெளியே விட, அவை அடுத்தடுத்த செல்களைப் பிடிக்கின்றன. இந்தப் பெருக்கத்தின் முதல் கட்டத்தை மனிதர்களிடம் மணிக்கணக்கில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் 2021இல் நடத்தியது. இளம் வயதுத் தன்னார்வலர்கள் 36 பேர் சம்மதித்து முன்வந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலும் மிகச் சிறிய அளவு வைரஸைச் சொட்டாக விட்டு, மருத்துவமனையிலேயே தங்க வைத்து, நாளுக்கு இரண்டு முறை மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று பிடித்தது. அவர்களுடைய தொண்டையில் வைரஸ் முதலில் தென்படச் சராசரியாக 40 மணி நேரம் ஆயிற்று. மூக்கில் தென்பட இன்னும் தாமதம், ஏறத்தாழ 58 மணி நேரம். உச்சத்தைத் தொட்டது ஐந்தாம் நாள் வாக்கில்.

அந்தத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது 2020இன் தொடக்க கால வைரஸ். ஒமிக்ரான் இதைவிடச் சற்று வேகம். வேன் பயணம் வியாழன் மாலை, மூக்கில் குச்சி விட்டது சனி காலை; இடையில் 40 மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் காலையில் ஆர்டி-பிசிஆர் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், மூக்கில் இல்லாததை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

ஆர்டி-பிசிஆரின் நுட்பத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1983இல் கேரி முல்லிஸ் யோசித்தெடுத்து, பத்தாண்டு கழித்து அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த பிசிஆர் முறைதான் அதன் அடித்தளம். மாதிரியில் வைரஸின் மரபுப் பொருள் துளியளவு இருந்தால் அதை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்கி, சுற்றுச் சுற்றாக இரட்டிக்கும். 35 சுற்று முடிந்தால் ஒரே ஒரு இழை சுமார் 3,400 கோடி இழைகளாகியிருக்கும். எத்தனையாவது சுற்றில் கருவிக்கு வைரஸ் தெரிந்ததோ அதுதான் அறிக்கையில் சிடி மதிப்பு என்று வருகிறது. இந்தியாவில் 35 வரை பாசிட்டிவ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வரையறுத்தது. சிடி 20 என்றால் வைரஸ் நிறைய இருந்தது, 30 என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவாக இருந்தது என்று தோராயமாகக் கொள்ளலாம். குச்சியை எப்படிச் சுழற்றினார்கள் என்பதைப் பொறுத்துக்கூட இந்த எண் மாறும். ஆகவே சிடி 24 வந்தவர் சிடி 28 வந்தவரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த நாட்களில் பலர் அப்படிக் கணக்குப் போட்டு உறக்கம் இழந்தார்கள்.

இவ்வளவு நுட்பமான சோதனையும் தவறான நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020இல் பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டது. நோய்க்கிருமி உடலில் புகுந்த முதல் நாள் சோதித்தால், உண்மையிலேயே தொற்றுள்ள நூறு பேரில் நூறு பேருக்கும் நெகட்டிவ் வரும். நான்காம் நாள் சோதித்தால் 67 பேருக்கு நெகட்டிவ். அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளிலேயே 38 பேர் தப்பிவிடுவார்கள். எட்டாம் நாள்தான் சோதனை மிகத் திறமையாக இருக்கும். அன்றும் 20 பேருக்கு நெகட்டிவ் என்றே வரும். ஒமிக்ரானுக்கு இந்த நாட்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வளைவின் வடிவம் அதேதான்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் இன்னொரு வகை. 2021 மே மாதம் புணேயின் மைலேப் நிறுவனம் செய்த கோவிசெல்ஃப் கிட்டுக்கு ஐசிஎம்ஆர் அனுமதி கொடுத்தபோது விலை 250 ரூபாய், முடிவுக்கு 15 நிமிடம். கர்ப்பம் பார்க்கும் அட்டை எந்த முறையில் வேலை செய்கிறதோ அதே முறைதான். மூக்கிலிருந்து எடுத்ததைத் திரவத்தில் கலக்கி அட்டையில் சொட்டு விடுகிறோம். திரவம் தாளில் ஊர்ந்து போகும்போது, நிறத் துகள் ஒட்டிய எதிர்ப்புப் புரதங்கள் வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 'டி' என்ற இடத்தில் நிற்கும் இன்னொரு வரிசைப் புரதங்கள் அவற்றை மறித்து நிறுத்துகின்றன. அங்கே கோடு தெரிகிறது. எத்தனை மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், அது பாசிட்டிவ். 'சி' என்ற இடத்தில் கோடே வராவிட்டால் கிட் கெட்டுப்போனது என்று அர்த்தம்.

இங்கே இரட்டிப்பு இல்லை. இருக்கிற வைரஸ் புரதத்தை இருக்கிறபடியே காட்டுகிறது. அதனால் கோடு விழ நிறைய வைரஸ் வேண்டும். இதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நிறைய வைரஸ் இருக்கிற நாட்களில்தான் ஒருவர் மற்றவருக்குப் பரப்புகிறார். எனவே கிட்டில் கோடு விழுந்தால், இந்த மனிதர் இப்போதே, இந்த அறையிலேயே, பரப்பிக்கொண்டிருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆர்டி-பிசிஆர் நோய் போன பிறகும் வாரக் கணக்கில் பாசிட்டிவ் காட்டும். 2020 ஜனவரியில் மியூனிக் நகரில் தொற்றிய ஜெர்மனியின் முதல் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். அறிகுறி தொடங்கி எட்டு நாள் ஆன பிறகு மாதிரியிலிருந்து உயிருள்ள வைரஸை வளர்க்கவே முடியவில்லை. மரபுப் பொருளின் மிச்சம் மட்டும் ஏராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. நெகட்டிவ் வந்தால்தான் வேலைக்கு வரலாம் என்று பல நிறுவனங்கள் கேட்டபோது, குணமானவர்கள் அந்த மிச்சத்துக்காகச் சம்பளம் இழந்தார்கள்.

கிட்டில் கோடு விழாதபோதுதான் சிக்கல். கணக்கை எளிமையாக்க நானே வைத்துக்கொண்ட எண்களில் பாருங்கள். பாசிட்டிவ் வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்து, இப்போது தொண்டை வலியும் காய்ச்சலும் உள்ள பத்துப் பேர். அவர்களில் எட்டுப் பேருக்குக் கோவிட்தான் என்று கொள்வோம். கிட் அந்த எட்டில் ஆறு பேரைக் கண்டுபிடிக்கிறது. மீதி நான்கு பேருக்கு நெகட்டிவ். அந்த நான்கு பேரில் இருவருக்குக் கோவிட் இருக்கிறது. அதாவது நெகட்டிவ் என்று கையில் அட்டை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நோய். அதே கிட், அதே திறன். யாரிடமும் நெருங்காத, எந்த அறிகுறியும் இல்லாத பத்துப் பேருக்குச் செய்திருந்தால் நெகட்டிவை நம்பிவிடலாம். ஆகவே அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் அட்டையை எப்படிப் படிப்பது என்று தீர்மானிக்கிறது. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், அறிகுறியே இல்லையென்றால் அதே இடைவெளியில் மூன்று முறை பாருங்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்னது இந்தக் காரணத்தால்தான்.

நம் ஊரில் நோயை வாசலில் அறிவிக்கும் பழக்கம் பழையது. வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசல் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர்கள் உள்ளே வர மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் வெளியே போக மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்த ஏற்பாடு. பக்தியாகத் தொடங்கியதோ அனுபவமாகத் தொடங்கியதோ, பெரியம்மையைப் பொறுத்தவரை இது பலன் தரக்கூடிய ஏற்பாடு. பெரியம்மை நோயாளி பெரும்பாலும் பரப்பத் தொடங்குவது காய்ச்சலில் விழுந்து முத்து எழும்பும் சமயத்தில்தான். வேப்பிலை செருகிய நாளும் பரவல் தொடங்கும் நாளும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தன. பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்க முடிந்ததற்குத் தடுப்பூசியோடு இந்தக் குணமும் ஒரு காரணம்.

2003இல் பரவிய சார்ஸும் அப்படித்தான். கோவிட் வைரஸுக்கு நெருங்கிய உறவு அது. ஆனால் நோயாளி படுக்கையில் விழுந்து இரண்டாம் வாரத்தில்தான் அதிகமாகப் பரப்பினார். காய்ச்சல் கண்டவரைப் பிரித்து வைத்தாலே சங்கிலி அறுந்தது. உலகம் முழுக்கச் சுமார் 8,100 பேரோடு, சில மாதங்களில் அது அடங்கிவிட்டது.

கோவிடில் அந்த வசதி இல்லை. ஹாங்காங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் யார் யாருக்குப் பரப்பினார் என்று தெளிவாகத் தெரிந்த 77 ஜோடிகளை எடுத்துக் கணக்கிட்டு 2020 ஏப்ரலில் வெளியிட்டார்கள். பரவலில் 44 சதவீதம் முதல் நபருக்கு அறிகுறி தொடங்கும் முன்பே நடந்திருந்தது. பரப்பும் சக்தி உச்சத்தில் இருந்தது அறிகுறி வருவதற்குச் சற்று முன்னால், அந்த ஒரு நாளுக்குள். மனிதர் நன்றாக இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறார். நோய் பரவுவது அப்போதுதான். வேப்பிலை செருக வேண்டிய நாள், வேப்பிலை செருக எந்தக் காரணமும் தெரியாத நாள். நமது கற்பனைக் குடும்பத்தில் அது ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து சாப்பிட்ட இரவு.

அப்படியானால் எதை வைத்து விலகுவது? எனக்குத் தெரிந்து நம்பகமான கருவி சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டிதான். 1377இல் ரகூசா என்ற துறைமுக நகரம், இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிறகு வெனிஸ் போன்ற நகரங்களில் அது 40 நாளாயிற்று. அவர்களிடம் எந்தச் சோதனையும் கிடையாது. கிருமி என்ற கருத்தே இல்லை. ஆனால் ஒன்றை விளங்கிக்கொண்டிருந்தார்கள்: நோய் இருந்தால் நாள் கடந்தால் வெளியே தெரிந்துவிடும். கோவிடுக்கு அந்த நாட்களை எண்ணிச் சொன்னது மறுபடியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான். 2020 மார்ச்சில் 181 நோயாளிகளின் விவரத்திலிருந்து கணக்கிட்டார்கள். தொற்றியவருக்கு அறிகுறி வர நடுமதிப்பு ஐந்து நாள். அறிகுறி வருகிறவர்களில் 97.5 சதவீதம் பேருக்குப் பதினொன்றரை நாளுக்குள் வந்துவிடுகிறது. உலகெங்கும் பிடித்துக்கொண்ட 14 நாள் விதிக்கு இந்தக் கணக்குத் துணை நின்றது. ஒமிக்ரானில் நடுமதிப்பு மூன்று நாள் அளவுக்கு இறங்கியது. அதனால் விதிகளும் சுருங்கின.

இரண்டு எண்ணிக்கைகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பக் கூடாது. பாசிட்டிவ் வந்தவர் பக்கத்தில் இருந்தவருக்கு எண்ணிக்கை கடைசியாக அவரோடு இருந்த நாளிலிருந்து தொடங்கும். நோய் கண்டவருக்கு அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து. இரண்டிலும் அந்த நாள் பூஜ்யம்; அடுத்த நாள்தான் ஒன்று. நமக்கு இங்கே ஒரு பழக்கம் இடறுகிறது. நாம் அன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிறவர்கள். ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்று சொல்கிறோம், வெள்ளியிலிருந்து வெள்ளிவரை இரண்டு வெள்ளியையும் சேர்த்து. அந்த வழக்கத்தில் எண்ணினால் ஒவ்வொருவரும் ஒரு நாள் முன்னதாக அறையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

எத்தனை நாள் என்பதை அரசுகள் பலமுறை மாற்றின. மக்கள் அதைக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் வீட்டுத் தனிமை 2020 மே மாதம் 17 நாள். 2022 ஜனவரியில் பாசிட்டிவ் வந்து ஏழு நாள், அத்துடன் தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மறுசோதனை தேவையில்லை என்றானது. அமெரிக்கா 2021 டிசம்பரில் பத்து நாளை ஐந்தாகக் குறைத்து, மீதி ஐந்து நாளுக்கு முகக்கவசம் என்றது. வைரஸ் மாறியதும் பலருக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததும் ஒரு பக்கம். ஆனால் ஐந்து நாள் என்பது உயிரியல் மட்டும் சொன்ன எண் கிடையாது. மருத்துவமனையும் விமானமும் பள்ளியும் ஆள் இல்லாமல் நின்றுவிடுமே என்ற கவலையும் சேர்ந்து சொன்ன எண். லண்டன் தன்னார்வலர்களில் சிலரிடம் பன்னிரண்டாம் நாள்கூட உயிருள்ள வைரஸ் இருந்தது. ஆறாம் நாள் கிட்டில் கோடு விழுகிறவர் இன்னும் பரப்பக்கூடியவர். விதி என்ன சொன்னாலும் பாட்டியின் அறைக்குள் அவர் போகக் கூடாது.

இதுவரை தனி மனிதரின் கணக்கு. குடும்பம் என்று வந்தால் கணக்கு கிளை விடுகிறது. அப்பாவுக்குத் திங்கட்கிழமை தொடங்கியது. அம்மா அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மாவின் பூஜ்யம் தினமும் புதிதாகத் தொடங்கும். வியாழக்கிழமை பையனுக்கு வந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. 2020இன் அமெரிக்க விதிப்படி, நோயாளியிடமிருந்து பிரிந்திருக்க முடியாத குடும்பத்தினர் அவருடைய பத்து நாள் முடிந்த பிறகுதான் தங்களுடைய 14 நாளைத் தொடங்க வேண்டும். மொத்தம் 24 நாள். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் 24 நாள் என்றால் என்ன பொருள் என்று விதி எழுதியவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. நோயாளியை உண்மையாகவே பிரித்து வைக்க ஓர் அறை இருந்தால் மற்றவர்களுக்குக் குறைவான நாள். அறை இல்லாதவர்களுக்கு அதிக நாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தவை.

அந்த ஓரறை வீடுகளுக்கு என்ன சொல்வது? இந்தக் கேள்விக்குக் கேரளம் 2020இலேயே ஒரு வழி சொன்னது. அதைத் தலைகீழ்த் தனிமை என்றார்கள். நோயாளியைப் பூட்டி வைக்க இடமில்லையென்றால், ஆபத்து அதிகம் உள்ளவரைப் பாதுகாத்து வையுங்கள். இருக்கிற ஒரு அறையைப் பாட்டிக்குக் கொடுங்கள். மற்றவர்கள் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுக்கட்டும். அவருக்குச் சாப்பாடு கொடுப்பவர் ஒரே ஆளாக, முகக்கவசத்தோடு, ஜன்னலைத் திறந்து வைத்து நிற்பவராக இருக்கட்டும். கோவிட் காற்றில் மிதந்து பரவும் நோய். தட்டையும் டம்ளரையும் பிரிப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை ஜன்னலைத் திறப்பதில் காட்டியிருந்தால் நிறைய வீடுகள் தப்பியிருக்கும். பாட்டியைப் பத்திரமாக ஊரில் இன்னொரு மகன் வீட்டில் விடலாம் என்று தோன்றும். தொற்று ஏற்கெனவே அவரை எட்டியிருந்தால் அது அந்த வீட்டுக்கும் போகும். நகர்த்த வேண்டியது நோய் கண்டவரை, அதற்கு இடம் இருந்தால். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் போட்ட படுக்கைகளும் கல்லூரி விடுதிகளில் திறந்த கோவிட் மையங்களும் இந்த வேலைக்காகத்தான்.

தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களின் தொடர்பு அறியும் பணியாளர்கள் வீடு வீடாக நடந்து சேர்த்த விவரங்களைக் கொண்டு ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் 2020 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாசிட்டிவ் வந்த 84,965 பேர், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேர். பாசிட்டிவ் வந்தவர்களில் 71 சதவீதம் பேரின் தொடர்பில் ஒருவருக்குக்கூடத் தொற்று தென்படவில்லை. ஒரு சிறு பகுதியினரிடமிருந்தே பெரும்பாலான பரவல் நடந்தது. வெளியிடத் தொடர்புகளைவிட ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். பேருந்திலும் காரிலும் நெருங்கி உட்கார்ந்து நெடுந்தூரம் வந்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு. சித்தப்பாவோடு வந்த ஏசி வேன் பயணம் அதைவிடக் குறுகியது என்றாலும் அந்த வகைக்கு நெருங்கியதே. சோதனை முடிவு என்னவாக இருந்தாலும் அந்தப் பயணம் ஒன்றே அப்பாவும் மகளும் ஒரு வாரம் விலகி இருக்கப் போதுமான காரணம்.

சோதனை மட்டும் செய்து நோயை அடக்க முடியுமா என்று ஒரு நாடே முயன்று பார்த்தது. 2020 அக்டோபர் இறுதியில், 55 லட்சம் மக்கள் கொண்ட ஸ்லோவாக்கியா, குழந்தைகளும் வயது முதிர்ந்தவர்களும் போக ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டு மூன்று வார இறுதிகளில் விரைவுச் சோதனை செய்தது. இரண்டு முறை சோதித்த மாவட்டங்களில் ஒரே வாரத்தில் தொற்று விகிதம் 58 சதவீதம் இறங்கியது. ஆனால் ஆய்வாளர்கள் கணக்கை ஆராய்ந்தபோது, பாசிட்டிவ் வந்தவரைப் பிரித்ததால் மட்டும் இந்த இறக்கம் வந்திருக்க முடியாது என்று தெரிந்தது. நெகட்டிவ் வந்த அவருடைய குடும்பத்தினரும் சேர்ந்து வீட்டுக்குள் இருந்திருந்தால்தான் கணக்கு சரியாக வந்தது. அங்கே விதியும் அதுதான்.

நோயாளிகளைப் பிரித்து வைப்பதில் நாம் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. 2020இல் பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம். சில தெருக்களில் கதவை மறித்துத் தகரம் அடித்தோம். வேப்பிலையை வீட்டுக்காரர்களே செருகினார்கள். அதைப் பார்த்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தகரத்தை வேறு யாரோ அடித்தார்கள். பார்த்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு, வெப்பமானிக்குத் தப்பி வேலைக்குப் போனவர்களை அந்தத் தகரம்தான் உண்டாக்கியது. அதிகாரியின் குறிப்பிட்ட உத்தரவு இல்லாமல் வீடுகளில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 9 அன்று. அதற்குள் முதல் அலை ஓய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம், சென்னையில் தனிமையில் இருந்த வீடுகளுக்கு அரிசியும் மருந்தும் வாங்கிக் கொடுக்கத் தன்னார்வலர்களை நியமித்தார்கள். தனிமைப்படுத்தலை நடைமுறையில் சாத்தியமாக்கியது அந்த அரிசியும் மருந்தும்தான்.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும். முதலில் பாட்டிக்கு. 60 வயதுக்கு மேற்பட்டவர், சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர், கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் இவர்களுக்குத் தொண்டை கரகரத்த முதல் நாளே சோதனை வேண்டும். ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் முடிவு சிகிச்சையை மாற்றுகிறது. நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். வேறு மருந்துகளோடு அவை மோதும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே இறங்கினால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐசிஎம்ஆர் 2022 ஜனவரியில் அறிகுறி இல்லாத தொடர்புகளில் இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் சோதனை போதும் என்று சொன்னதை நான் சரியென்றே நினைக்கிறேன். மற்றவர்களுக்குச் சோதனை வேண்டாம் என்றால், விலகி இருக்கவும் வேண்டாம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் எழுதவில்லை.

நமது குடும்பம் சனிக்கிழமை காலை போன் வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பாவும் மகளும் அந்த நிமிடமே மாடிக்குப் போக வேண்டும். அதை அவர்கள் செய்தார்கள். சோதனையைத் திங்கள், செவ்வாய்க்குத் தள்ளிப் போட்டிருக்க வேண்டும். ஞாயிறு முடிவு வந்தாலும் மாடியிலேயே இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். மாடிப்படியில் இறங்கிய அந்தப் பத்து அடி.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா ஐந்து நாள் விதியையும் கைவிட்டு, மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, உடல் தேறி வந்தால் வெளியே வரலாம், அடுத்த ஐந்து நாள் கவனமாக இருங்கள் என்று மற்ற சுவாச நோய்களோடு இதையும் சேர்த்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு இப்போது இது ஒரு வாரத்து இருமல். வைரஸ் போகவில்லை. வயதானவர்களும் போகவில்லை. இனி வாசலில் யாரும் எதுவும் ஒட்டப் போவதில்லை. எத்தனை நாள் விலகுவது என்று உத்தரவும் வராது. தீர்மானம் வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும்.

ஆகவே வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் கிட் வாங்க ஓடும் முன் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், யாரோடு ஒரே வண்டியில் வந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டில் ஒரு பாட்டி இருக்கலாம். அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.